குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம்: மாறும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஏழு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டு வருகிறோம். 18 வயது முடிந்ததும் பெரியவர்களைப் பார்க்கும் நீரிழிவு மருத்துவரிடம் மாறிவிட வேண்டும் என்று எங்கள் குழந்தைகள் மருத்துவர் சொல்கிறார். இத்தனை ஆண்டுகளாக அவளை அறிந்தவரிடமே தொடர முடியாதா? மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்? இன்சுலின் அளவு, பரிசோதனை, மருத்துவரிடம் பேசுவது என்று எல்லாவற்றையும் இதுவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில்: நீங்கள் கேட்டிருப்பது மருத்துவரை மாற்றுவது பற்றி, ஆனால் கடினமான வேலை உங்கள் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. மருத்துவரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஒன்பது ஆண்டுகளாக உங்களிடம் இருக்கும் பொறுப்பு மகளிடம் போய்ச் சேர இரண்டு ஆண்டுகளாவது பிடிக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-இல் வெளியிட்டு 2018-இல் புதுப்பித்த பரிந்துரை, இதைப் பற்றிய பேச்சை 12 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் 13 அல்லது 14 வயதைக் குறிப்பிடுகிறது. அந்தக் கணக்கில் நீங்கள் சற்றுத் தாமதம்தான் என்றாலும், காலம் கடந்துவிடவில்லை.

பழைய மருத்துவரிடமே தொடரக் கூடாதா என்ற கேள்வி இயல்பானது. அவருக்கு உங்கள் மகளைத் தெரியும்; ஆனால் அவர் பயின்றது வளரும் உடலைப் பற்றி. இருபதுகளில் அவளுக்கு வரக்கூடிய கேள்விகள், அதாவது கருத்தடை, கர்ப்பம், விழித்திரை, சிறுநீரகம், இரத்த அழுத்தம் ஆகியவை பெரியவர்களுக்கான மருத்துவர் அன்றாடம் கையாள்பவை. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: 22 வயதில் நள்ளிரவில் அவசரமாக மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், குழந்தைகள் பிரிவில் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவளைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர்தான் அன்று அவளைப் பார்ப்பார்.

இப்போது மருத்துவரின் அறையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். "இந்த வாரம் சர்க்கரை எத்தனை தடவை எழுபதுக்குக் கீழே இறங்கியது?" என்று மருத்துவர் மகளைப் பார்த்துக் கேட்பார். மகள் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். நீங்கள் கைப்பேசியையோ நோட்டையோ திறந்து பதில் சொல்வீர்கள். மருத்துவரும் தம்மை அறியாமல் உங்கள் பக்கம் திரும்பிவிடுவார். பெரியவர்களுக்கான மருத்துவமனையில் கேள்வி, பதில், முடிவு மூன்றுக்கும் அவளே பொறுப்பு. அவள் சம்மதமின்றி உங்களிடம் அவளைப் பற்றிப் பேசக்கூட மருத்துவருக்கு அனுமதி இல்லாமல் போகலாம். எனவே அடுத்த சந்திப்பிலிருந்தே, முதல் பத்து நிமிடங்கள் மகள் மட்டும் உள்ளே இருக்கட்டும் என்று குழந்தைகள் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இருந்தால் அதன் பிறகு சொல்லலாம். இந்த ஒரு மாற்றத்தைத் தாய்மார்கள் எளிதில் ஏற்பதில்லை என்பதை அறிவேன். ஆனாலும் பிற அனைத்தையும் விட இதுவே முதலில் வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டில் பொறுப்பை ஒவ்வொன்றாகக் கைமாற்றுங்கள். ஒரு பிறந்தநாளில் மொத்தமாக ஒப்படைத்துவிடாதீர்கள். ஊசி போட அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலின் அளவை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் சரிபார்த்தால் போதும். சில மாதங்கள் கழித்து, சரிபார்ப்பதையும் அவள் கேட்கும்போது மட்டும் செய்யுங்கள். இன்சுலின் தீரும் முன் வாங்குவது, அடுத்த சந்திப்புக்கு நேரம் பதிவு செய்வது போன்ற சலிப்பான வேலைகளையும் அவளிடம் விடுங்கள். புதிய மருத்துவரிடம் போகும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தச் சில்லறை வேலைகளில்தான். ஊசி போடுவதில் அல்ல.

இவற்றில் தவறவே கூடாத ஒன்று, காய்ச்சலோ வாந்தியோ வரும் நாளில் என்ன செய்வது என்பது. "சாப்பிடவில்லை, அதனால் இன்சுலின் வேண்டாம்" என்று நினைப்பது டைப் 1 நோயில் உயிருக்கே ஆபத்து. உடல் நலமில்லாதபோது சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்களை உண்டாக்கும். இரத்தம் அமிலத்தன்மை அடையும். ஆகவே நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை எந்த நாளிலும் நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையும், அது ஏறியிருந்தால் கீட்டோனும் பார்க்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, கீட்டோன் கூடிக்கொண்டே போனாலோ, மூச்சு வேகமாகி வயிறு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதேபோல் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இவற்றை நீங்கள் சொல்லி அவள் தலையாட்டினால் போதாது. "ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி, நான் ஊரில் இல்லை, என்ன செய்வாய்?" என்று கேட்டு, அவள் வாயால் முழுப் பதிலையும் வரவழையுங்கள்.

இந்த வயதில், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனை எண் பெரும்பாலும் ஏறும். அதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். பருவ வளர்ச்சியின்போது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துகிறது. முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் விசாரணை வைத்தால், பிள்ளைகள் எண்ணை மறைக்கத் தொடங்குவார்கள். ஆனால் ஒரு அறிகுறியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: காரணமின்றி எடை குறைவதும், எச்பிஏ1சி உயர்வதும், கீட்டோன் அடிக்கடி ஏறுவதும் சேர்ந்து வந்தால், உடல் மெலிவதற்காக இன்சுலினை வேண்டுமென்றே குறைக்கிறாளோ என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இளம்பெண்களிடம் இப்படி நடப்பதுண்டு. இதற்குத் திட்டு மருந்தாகாது; உணவுப் பழக்கக் கோளாறுகளில் அனுபவமுள்ள மனநல மருத்துவரின் உதவி தேவைப்படும்.

மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கொடுக்கச் சொன்னதற்கு மற்றொரு காரணம், அவள் உங்கள் முன்னால் கேட்க முடியாத கேள்விகள். மது அருந்தினால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவது தடைபட்டு, பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூடத் தாழ்சர்க்கரை வரலாம். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் கருவின் உறுப்புகள் உருவாவதில் குறை நேரும் அபாயம் கூடுகிறது. ஆகவே கர்ப்பம் என்பது முன்கூட்டியே திட்டமிட வேண்டிய ஒன்று. இவற்றை அவளிடம் யாராவது உரிய நேரத்தில் சொல்லியாக வேண்டும். வீட்டில் சொல்லத் தயங்கினால் மருத்துவர் சொல்லட்டும்.

இனி, மாறும் நாள். அதைப் பிறந்தநாளைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டியதில்லை. பொதுத்தேர்வு, கல்லூரி விடுதிக்குப் போவது, அண்மையில் மருத்துவமனையில் சேர்ந்தது போன்ற நேரங்களைத் தவிர்த்து, நோய் ஓரளவு நிலையாக இருக்கும்போது மாறுவது நல்லது. பழைய மருத்துவரிடம் ஒரு சுருக்கக் குறிப்பு கேட்டு வாங்குங்கள்: நோய் கண்டறிந்த தேதி, இன்சுலின் வகைகளும் அளவும், கடந்த ஓராண்டு எச்பிஏ1சி, கீட்டோன் ஏறியோ கடும் தாழ்சர்க்கரையாலோ மருத்துவமனையில் சேர்ந்த விவரம், கடைசியாக விழித்திரையும் சிறுநீர்ப் புரதமும் பார்த்த நாள், தைராய்டு பரிசோதனை, ஒவ்வாமை. ஒரு பக்கத்தில் அடங்கட்டும். தடித்த கோப்பைப் புதியவர்கள் முதல் நாளில் படிப்பதில்லை. முடிந்தால் இரு மருத்துவர்களும் சேர்ந்து ஒருமுறை அவளைப் பார்க்கும்படி கேளுங்கள்.

பிற நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். கவலைகள் மட்டும் வேறுபடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அதை இழப்பது வளரிளம் பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் அதிகம். மருந்தை விடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சிறு வயதில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நலமாக உணர்வதாலேயே பரிசோதனைக்குப் போகாமல் விடுகிறார்கள். வால்வுக் கசிவு போன்ற சிக்கல்கள் பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும். வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் உட்கொள்ளும் பெண்களுக்கு அது கருவைப் பாதிக்கும் என்பதைச் சொல்லி, மாற்று மருந்து பற்றி முன்பே பேச வேண்டும். தாமாக அதை நிறுத்தவும் கூடாது. அறிவுத்திறன் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கு, 18 வயதுக்குப் பின் சம்மதம் தருவது யார் என்ற சட்ட விவரத்தை முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

உங்கள் மகளுக்கு வருவோம். அவளுடைய சிகிச்சை நழுவக்கூடிய இடம், பழைய மருத்துவரின் கடைசிச் சந்திப்புக்கும் புதியவரின் இரண்டாவது சந்திப்புக்கும் நடுவிலுள்ள சில மாதங்கள். முதல் தடவை பெரும்பாலோர் போவார்கள். அவசரமான சூழலும் அறிமுகமில்லாத முகங்களும் பிடிக்காமல் சிலர் இரண்டாவது தடவை விட்டுவிடுவார்கள். எனவே புதியவரைப் பார்க்கும் தேதி கையில் வந்த பிறகே பழையவரிடம் விடைபெறுங்கள். அதுவரை தேவையான இன்சுலினுக்கும் பரிசோதனைப் பட்டைகளுக்கும் மருந்துச்சீட்டை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்பதையும் மகளே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டாவது சந்திப்பும் முடிந்தபின் அந்த மருத்துவரிடம் பேசுவது அவளுக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால், வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் அடுத்தவரிடம் நேரம் கிடைக்கும்வரை இவரிடம் போவதை நிறுத்தக் கூடாது.