மஞ்சள் பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணி அல்ல

கேள்வி: மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி நர்சரியில் ஒரு செடி கொடுத்தார்கள். போன ஆடியில் வைத்தேன். இப்போது கிணற்றடி தாண்டி வாய்க்கால் வரைக்கும் படர்ந்துவிட்டது. எப்போதும் பூ இருக்கிறது. இலை தடிப்பாக, பளபளப்பாக இருக்கிறது. மாமியார் பொரியல் செய்யச் சொல்கிறார். செய்யலாமா? (படம் அனுப்பியுள்ளேன்.)
– வாசகி, பாலக்கோடு

பதில்: பொரியல் வேண்டாம் அம்மா. படத்தில் இருப்பது கீரை இல்லை, வெடிலியா என்கிற அழகுச் செடி. தாவரப் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா, சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இதே பேரினம்தான். இரண்டும் தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர்விடும், சின்ன சூரியகாந்தி மாதிரி பூக்கும். அதனால்தான் இந்தப் பெயர் மாற்றம் பல இடங்களில் நடக்கிறது.

பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். வெடிலியா இலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, விரித்த வாத்துக்கால் போல மூன்றாகப் பிரிந்திருக்கும். எல்லா இலையிலும் இது தெளிவாகத் தெரியாது, ஒரு கொடியில் பத்து இலையாவது புரட்டிப் பாருங்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை ஒடுக்கமாக நீண்டிருக்கும், மடலே கிடையாது, தடவினால் சற்றுச் சொரசொரக்கும். ஈரமான வரப்போரம் அதற்குப் பிடித்த இடம். வெள்ளைப் பூ பூக்கிற சாதாரண கரிசலாங்கண்ணி வேறு இனம், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னும் சந்தேகம் இருந்தால் பூவோடு ஒரு கொடியை ஒடித்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

எனக்குக் கவலை உங்கள் பொரியலைவிட அந்த வாய்க்கால்தான். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் வெடிலியாவும் இருக்கிறது. இது விதையால் பரவுவது குறைவு, துண்டுத் தண்டு போதும். வெட்டிப்போட்ட கொடி தண்ணீரில் போய் ஏரிக்கரையில் ஒதுங்கினால் அங்கேயே வேர் பிடித்து, கரையில் இருக்கிற நம் புல் பூண்டையெல்லாம் மூடிவிடும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வாய்க்கால் பக்கம் இருப்பதைக் கணு விடாமல் பிடுங்குங்கள். பிடுங்கியதைக் குப்பைக்குழியில் பச்சையாகப் போடாமல், சிமெண்ட் தரையில் சருகாகும்வரை காயவிடுங்கள். ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம்.

கிணற்றடியில் இருப்பது அழகுக்கு இருக்கட்டும் என்றால், சுற்றிலும் அரை அடி ஆழத்துக்குச் செங்கல் பதித்து, தாண்டி வருகிற நுனியை அவ்வப்போது நறுக்குங்கள். என்னைக் கேட்டால் தொட்டியோடு நிறுத்திவிடுவேன்.

கீரைதான் வேண்டுமென்றால், அடையாளம் தெரிந்தவர் வீட்டிலிருந்து மஞ்சள் கரிசலாங்கண்ணித் தண்டு வாங்குங்கள். மூன்று நான்கு கணு உள்ள துண்டாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். நம் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் விட்டுவிடும், அதனால் மக்கிய தொழுவுரம் தாராளமாகக் கலக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடமாக இருந்தால் தப்பிக்கும். ஈரம் காயக் கூடாது. சோப்புத் தண்ணீர் போகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், சாப்பிடப்போகிற இலை அது.

கேள்வி: மாமரத்தடியில் வெடிலியா வைத்திருக்கிறேன். இலை செழிப்பாக இருக்கிறது, பூவே இல்லை. என்ன உரம் போடலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உரம் வேண்டாம் ஐயா, வெயில்தான் குறை. நிழலிலும் உயிரோடிருக்கும், ஆனால் நேர்வெயில் கிடைத்தால்தான் நிறையப் பூக்கும். நான்கு தண்டை வெயிலில் ஒரு தொட்டியில் ஊன்றிவிட்டு, மரத்தடியில் இருப்பதை எடுத்துவிடுங்கள். மாங்காய் பறிக்க வருகிறவர்கள் அந்தப் புதருக்குள்தான் கால் வைக்க வேண்டியிருக்கும், உள்ளே பாம்பு கிடந்தாலும் தெரியாது.