போக்கு வேறு, காரணம் வேறு: தனிம வரிசை அட்டவணை குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஒரு வரிசையில் வலப்புறம் செல்லச் செல்ல எலக்ட்ரான்கள் கூடுகின்றன. அப்படியிருக்க, அணு ஏன் சிறிதாகிறது?

பதில்: புதிய எலக்ட்ரான்கள் அதே வெளிக்கூட்டில் சேர்வதால், அணுக்கருவின் ஈர்ப்பை ஒன்றுக்கொன்று ஓரளவே மறைக்கின்றன. அணுக்கருவிலோ ஒவ்வொரு படியிலும் ஒரு புரோட்டான் முழுதாகக் கூடுகிறது. இதனால் செயலுறு அணுக்கரு மின்சுமை (வெளி எலக்ட்ரான்கள் உண்மையில் உணரும் அணுக்கரு மின்சுமை) உயர்ந்து, வெளிக்கூடு உள்நோக்கி இழுக்கப்படுகிறது. "வலப்புறம் இருப்பதால் சிறியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அட்டவணையில் உள்ள இடம் எதற்கும் காரணமாகாது.

கேள்வி: லித்தியம் மாத்திரையின் அளவை அதன் அயனி ஆரத்தைக் கொண்டு கணிக்க முடியுமா?

பதில்: முடியாது. மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆக்சிஜனின் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) நைட்ரஜனைவிடக் குறைவாக இருப்பதற்கு, நைட்ரஜனின் பாதி நிரம்பிய பி துணைக்கூட்டின் (ஆறு எலக்ட்ரான்கள் கொள்ளும் வெளிக்கூட்டுப் பகுதி) நிலைத்தன்மைதானே காரணம்?

பதில்: மோலுக்குக் கிலோஜூல் கணக்கில் போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402 என்று மதிப்புகள் சீராக ஏறுகின்றன. அடுத்து ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081 என்று மீண்டும் சீராக ஏறினாலும், இந்த மூன்றும் முதல் ஏற்றத்தை நீட்டினால் கிடைக்கும் மதிப்புகளுக்குக் கீழேயே நிற்கின்றன. நைட்ரஜன் மட்டுமே விதிவிலக்காக இருந்தால், ஃபுளூரினும் நியானும் பழைய ஏற்றத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான்காவது பி எலக்ட்ரான் முதல் வருபவை அனைத்தும், ஏற்கெனவே ஓர் எலக்ட்ரான் உள்ள ஆர்பிட்டாலில் (இரண்டு எலக்ட்ரான்கள் வரை கொள்ளும் இடம்) எதிர்ச்சுழற்சியுடன் இணைசேர நேர்கிறது என்பதே இறக்கத்தின் காரணம்.

மறுப்பு: ஒத்த சுழற்சியுள்ள எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகியிருப்பதால் கிடைக்கும் பரிமாற்ற ஆற்றலைத்தான் பாடநூல்கள் நிலைத்தன்மை என்கின்றன. வேறுபாடு சொல்லில் மட்டுமே உள்ளது.

பதில்: பரிமாற்ற ஆற்றலை ஏற்கிறேன், அதைப் பெயர் சொல்லி எழுதினால் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000 என்பதைப் பாருங்கள். முந்தைய வரிசையில் 88 ஆக இருந்த இறக்கம் இங்கே 12 ஆகிவிட்டது. மூன்றாம் கூடு பெரியது. இணைசேர்ந்த எலக்ட்ரான்களுக்கிடையிலான விலக்கம் அங்கே தளர்கிறது. "பாதி நிரம்பியது" என்ற சொல் இரண்டு வரிசைகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதால், இந்த வேறுபாட்டை அதனால் விளக்கவே இயலாது.

கேள்வி: வலப்புறம் செல்லும்போது ஆரம் ஏன் குறைகிறது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எலக்ட்ரான் நாட்டத்தில் (அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல்) குளோரின் ஃபுளூரினை முந்துவது ஏன்?

பதில்: மோலுக்குக் கிலோஜூல் கணக்கில் குளோரினுக்கு 349, ஃபுளூரினுக்கு 328 என்பவை அவற்றின் மதிப்புகள். ஃபுளூரினின் சிறிய கூட்டில் புதிதாக நுழையும் எலக்ட்ரான் கடும் விலக்கத்தைச் சந்திக்கிறது. பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஈர்க்கும் கவர்திறனில் ஃபுளூரினே முதலிடம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தொகுதியில் கீழே சென்றால் ஆரம் எப்போதும் கூடுமா?

பதில்: இல்லை. சிர்கோனியத்தின் ஆரம் 160 பிக்கோமீட்டர். அதற்கு நேர் கீழே உள்ள ஹாஃப்னியத்தின் ஆரம் 159. இடையில் வரும் 14 லாந்தனைடுத் தனிமங்களில் எஃப் துணைக்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சரிவர மறைக்காததால் நேரும் இந்தச் சுருக்கமே லாந்தனைடு குறுக்கம். ஒத்த ஆரமும் ஒத்த வேதிப்பண்புகளும் இருந்ததால், சிர்கோனியத் தாதுவுக்குள்ளேயே மறைந்திருந்த ஹாஃப்னியத்தை 1923இல் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ்-கதிர் நிறமாலையைக் கொண்டே கண்டறிய முடிந்தது. ஆனால் அணுக்கருப் பண்பு இந்த ஒற்றுமையைப் பின்பற்றுவதில்லை: ஹாஃப்னியம் நியூட்ரான்களைப் பெருமளவில் உறிஞ்சும், சிர்கோனியமோ மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆகவேதான் அணு உலை எரிபொருள் உறைக்கான சிர்கோனியத்திலிருந்து ஹாஃப்னியத்தைப் பெருமுயற்சியுடன் பிரித்தெடுக்கிறார்கள்.