சைக்கிள் கேள்வி பதில்: அலுமினிய ரோட் பைக்கில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். போய்வரப் பதினாறு பதினேழு கிலோமீட்டர் வரும். இதுவரை அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள்தான். இப்போது அலுமினிய ரோட் பைக் ஒன்றுக்குக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு பார்த்தேன். ஒன்று 9 கிலோ, மெல்லிய டயர், பார்த்தாலே பறக்கும்போல இருக்கிறது. மற்றது பத்தரைக் கிலோ, டிஸ்க் பிரேக், டயர் கொஞ்சம் தடிப்பு. விலை கிட்டத்தட்ட ஒன்று. அலுமினியம் சட்டென்று உடையும், ஒட்டவும் முடியாது என்று கூட்டாளிமார் வேறு பயப்படுத்துகிறார்கள். எதை எடுப்பது?
(ஆரையம்பதி வாசகர்)

பதில்: பத்தரைக் கிலோவை எடுங்கள் தம்பி. ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் அதைத் தலைகீழாக நிறுத்தி இரண்டு விஷயம் பாருங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு பென்சில் தாராளமாகப் போய்வர வேண்டும். பிறகு பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் கரியரும் மட்கார்டும் பூட்ட போல்ட் ஓட்டைகள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பைக்கை அரைவிலைக்குத் தந்தாலும் தினசரி ஓட்டத்துக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் முதலில் வாங்கிய ரோட் பைக்கில் அந்த ஓட்டைகள் இல்லை, எடையை மட்டும் பார்த்து எடுத்தேன். சாப்பாட்டுப் பெட்டி, மாற்றுச் சட்டை, பூட்டு எல்லாம் முதுகுப் பையில். ஆடி மாதக் கச்சான் காற்றுக்குள் ஓடிப் போய் கந்தோரில் இறங்கினால் முதுகு முழுக்க ஊறிப்போயிருக்கும், மார்கழி மழையில் மட்கார்ட் இல்லாமல் போனால் இடுப்பிலிருந்து கழுத்துவரை நேர்கோடாகச் சேறு. இரண்டு வருடம் அப்படி ஓடிய பிறகுதான் மாற்றினேன்.

டயருக்கு வருகிறேன். கல்முனை வீதி காபட் ரோட்டுதான், அதில் 25 மில்லிமீட்டர் டயரும் நன்றாக ஓடும். ஆனால் காத்தான்குடிக்குள் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தால் நெரிசலில் போகும்போது ஓரத்து மணலுக்கு ஒதுங்காமல் முடியாது, வீட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் கல்லும் குழியும், மழைக்காலத்தில் குழி எங்கே என்றே தெரியாது. 32 மில்லிமீட்டர் டயர் போட்டு, எழுபது கிலோ ஆள் என்றால் அறுபது பிஎஸ்ஐ அளவில் காற்று வைத்தால் அதே ரோட்டு வேறு ரோட்டாகத் தெரியும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் சாதாரண ரிம் பிரேக் ரோட் பைக்குகள் பெரும்பாலும் 28க்கு மேல் இடம் தராது, டிஸ்க் பைக்கை எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றரைக் கிலோ வித்தியாசம் மலைநாட்டில் தெரியும். இங்கே கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது? நமக்கு எதிரி காற்று. கச்சான் வாவிப் பக்கமிருந்து தள்ளும், வாடை கடல் பக்கமிருந்து தள்ளும். வளைந்த ஹேண்டிலில் கையைக் கீழே இறக்கி, உடம்பைக் குனித்து ஓட்டும்போதுதான் ரோட் பைக்கின் பலன் கிடைக்கிறது, அதற்காகவே நீங்கள் இதை வாங்குவது சரி. அதனால் ஃபிரேம் அளவு உங்களுக்குப் பொருந்த வேண்டும். கீழே பிடித்துப் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள், கை நீண்டு தோள் இழுத்தால் ஒரு அளவு சின்னது கேளுங்கள்.

கூட்டாளிமார் சொன்னதில் பாதி உண்மை. இரும்பு ஒரு அளவுக்குக் கீழான அதிர்வை எத்தனை தரமும் தாங்கும், அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது, ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கணக்கில் சேரும். செய்பவர்களுக்கு அது தெரியும், அதனால்தான் குழாய்கள் அவ்வளவு பருமன். புது ஃபிரேம் பல வருடம் ஓடும். பழையது வாங்கினால் மட்டும் ஹேண்டில் கழுத்தடி, பெடல் அச்சடி, பின்சக்கர மூட்டு மூன்றிலும் பெயின்டில் மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். வெல்டிங்கில் ஒட்டலாம்தான், ஆனால் ஒட்டியபின் சூட்டில் பதப்படுத்தாவிட்டால் அந்த இடம் பலம் குறைந்துதான் இருக்கும்.

எனக்கு அதைவிடப் பயம் உப்புக்காற்று. அலுமினியம் துருப்பிடிக்காது என்று எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் அரிபடும். கல்லடியில் கடற்கரையோரம் உள்ள ஒரு உறவினர் வீட்டில், ஒன்றரை வருடம் தொடாமல் கிடந்த பைக்கின் சீட்டைத் தம்பிக்காரனுக்கு உயர்த்தப் போனோம். அசையவில்லை. கடைசியில் சீட் கம்பத்தை வைஸில் இறுக்கி, ஃபிரேமையே இரண்டு பேர் பிடித்துத் திருகினோம். கரகரவென்று வெளியே வந்த கம்பத்தைச் சுற்றி அரிசிமா பூசியதுபோல வெள்ளைத் தூள், கம்பத்தில் நீளத்துக்குக் கீறல். வாங்கிய அன்றே கம்பத்தைக் கழற்றிக் கிறீஸ் பூசியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நீங்கள் பூசுங்கள், பெடல் மரையிலும் போத்தல் தாங்கி போல்ட்டிலும் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கம்பம் கார்பன் என்றால் கிறீஸ் வேண்டாம், அதற்கென்று தனிப் பேஸ்ட் உண்டு.

பின்னால் கியர் எட்டு போதும், ஷிமானோவின் எட்டு கியர் செட்டான கிளாரிஸ் தாராளம். பின் கியரைத் தாங்கும் சின்னத் துண்டு, ஹேங்கர் என்பார்கள், பைக் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும், பிறகு தேடி அலைய வேண்டிவரும், ஆகவே பைக்கோடு சேர்த்து ஒன்று கூடுதலாக வாங்கி வீட்டில் வையுங்கள். டியூப் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அதை மோட்டார் சைக்கிள் பம்புக்கு மாற்றும் பித்தளை மூடி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?
(அக்கரைப்பற்று வாசகி)

பதில்: வேண்டாம் தங்கச்சி. நாளாக நாளாகப் பிசுபிசுத்து, கடற்கரை மண் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அது செயினை அரம்போல அராவும். பழைய என்ஜின் ஒயிலும் அப்படித்தான். பழந்துணியால் செயினை நன்றாகத் துடைத்துவிட்டு, செயின் ஒயிலை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே தெரியும் ஒயிலைத் திரும்பத் துடைத்துவிடுங்கள். உருளைக்குள்ளே போனது போதும்.