வெங்காயத்தைப் பற்றி என்ன சொல்கிறாள்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய யாழ்ப்பாணக் குறிப்பில் ‘சந்திரிகா காப்பு’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, விளக்காமல் நகர்ந்துவிட்டீர்கள். நான் 1996இல் பிறந்தவள், லண்டனில் வளர்ந்தவள். அம்மாவின் நகைப்பெட்டியில் அப்படி ஒரு காப்பு இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் வீட்டில் வாக்குவாதம் வரும். அப்பா சந்திரிகா குமாரதுங்கவை “பச்சைப் பொய்க்காரி” என்பார். “பாவம், நல்ல மனத்தோடுதான் வந்தாள், விட்டார்களா?” என்பார் அம்மா. இலங்கையின் ஜனாதிபதி வேட்பாளராக 1994இல் அவர் உண்மையில் என்னதான் சொன்னார்? சொன்னதில் எதைச் செய்தார்? இருவரில் யார் சொல்வது சரி?

அன்புடன்,
எஸ்., லண்டன்

அன்புள்ள எஸ்.,

அம்மா 1994 செப்டெம்பரில் நின்றுகொண்டு பேசுகிறார். அப்பா 1995 ஒக்டோபரில் நிற்கிறார். இடையில் பதின்மூன்றே மாதங்கள்.

முதலில் காப்பு. 1994ஆம் வருடக் கடைசியில் யாழ்ப்பாணக் கடைகளில் புதிதாக வந்த காப்புக்கு வியாபாரிகள் வைத்த பெயர் அது. சேலைக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். கொழும்பில் பதவிக்கு வந்த ஒரு சிங்களத் தலைவியின் பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் பொருள் விற்கும் என்று ஒரு வியாபாரி கணக்குப் போட்டிருக்கிறார் என்றால், ஊர் எந்த மனநிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. பெரும்பாலோர் அந்த வருடத் தேர்தல்களில் வாக்களிக்கவே இல்லை. வாக்கில்லாத ஊர் காப்பைப் போட்டுக்கொண்டது.

அந்த ஓகஸ்டில் நாங்கள் பொதுத்தேர்தல் முடிவுகளைக் கேட்டது சைக்கிளை வைத்துத்தான். எங்கள் பகுதிமீது அரசு போட்டிருந்த பொருளாதாரத் தடையில் பற்றரி வராது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவை உரசவிட்டு, அதன் வயரை வானொலியில் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் கிணற்றுக்குள் போய்விடும். 105 ஆசனங்களுடன் சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணி வென்றது, ஐக்கிய தேசியக் கட்சியின் பதினேழு வருட ஆட்சி முடிந்தது என்ற செய்தியை என் சின்னம்மா சுற்றிய பெடலில்தான் கேட்டேன். பிரதமரான சந்திரிகா சில வாரங்களிலேயே தடையைத் தளர்த்தத் தொடங்கினார். பிறகு நவம்பர் 9இல் ஜனாதிபதித் தேர்தல்.

வேட்பாளராக அவர் சொன்னவற்றில் கனமானவை மூன்று. போரைப் பேச்சுவார்த்தையால் முடிப்பேன். ஆட்சி அதிகாரத்தை ஒரே ஆளின் கையில் குவிக்கும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பேன். திறந்த பொருளாதாரத்தைக் கைவிட மாட்டேன், அதற்கு ஒரு மனித முகம் கொடுப்பேன். ஊழலைப் பற்றியும் காணாமற்போனோரைப் பற்றியும் சொன்னார். காணாமற்போனோர் பற்றி விசாரிக்கப் பதவியேற்ற மாதமே மூன்று ஆணைக்குழுக்களையும் நியமித்தார். அது தனிக்கதை.

முதல் இரண்டுக்கும்தான் கைதட்டல். மூன்றாவதைக் கவனித்தவர், எனக்குத் தெரிந்து, எங்கள் அப்பப்பா ஒருவர்தான். வானொலிச் செய்தி முடிந்து எல்லோரும் சமாதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் திண்ணையில் இருந்தபடி, “வெங்காயத்தைப் பற்றி என்ன சொல்கிறாள்?” என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. சந்திரிகாவின் தாயார் சிறிமாவோ 1970 முதல் 1977 வரை ஆண்டபோது வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவதை மறித்தார். கொழும்பில் பாணுக்கு வரிசையில் நின்றார்கள்; யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் விவசாயிகள் கல்வீடு கட்டினார்கள். அப்பப்பாவின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் அந்தக் காலத்து வெங்காயத்தில் வாங்கியது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன கதவைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது. தாயின் வழியில் மகள் கதவைச் சாத்துவாளா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. சாத்த மாட்டார் என்று சொன்னோம். “அப்படியானால் ஜே.ஆரின் கடையைத்தான் நடத்தப்போகிறாள்” என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டார்.

அதுதான் நடந்தது. 1997இல் அரசின் தொலைபேசி நிறுவனமான டெலிகொம்மின் 35 சதவீதப் பங்கு ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்குப் போனது. அடுத்த வருடம் அரசின் விமான நிறுவனமான எயார்லங்கா எமிரேட்ஸின் கைக்குள் போனது. மனித முகம் எங்கே என்று கேட்கலாம். ஆனால் கதவு திறந்தே இருக்கும் என்ற வாக்கு அச்சுப் பிசகாமல் காப்பாற்றப்பட்டது. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதைக் காப்பாற்ற வேறு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. நேற்று நடந்தது இன்றும் நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

மற்ற இரண்டும் அப்படியல்ல. ஜனாதிபதி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. சார்பில் நின்ற நிஹால் கலப்பத்தி, 1995 ஜூலை 15க்கு முன் அந்த முறை ஒழிக்கப்படும் என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு சந்திரிகாவுக்காக ஒதுங்கினார். வேட்பாளர்கள் திகதி சொல்வது அபூர்வம், இவர் சொன்னார். ஆனால் அரசியலமைப்பை மாற்ற 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 150 பேர் வேண்டும். கூட்டாளிகளையும் சேர்த்து அவரிடம் இருந்தது 113. ஜனாதிபதித் தேர்தலில் 62.28 சதவீதம் வாங்கினார், ஒரு குக்கிராமம் விடாமல் கொண்டாடினார்கள். அந்த 62 சதவீதத்தை வைத்து ஓர் ஆசனம்கூட வாங்க முடியாது. எதிர்க்கட்சி மனம் வைத்தால்தான் உண்டு என்ற ஒரு காரியத்துக்குத் தன் கையெழுத்தில் நாள் குறித்துக் கொடுத்தார். இதைப் பொய் என்பதா, அசட்டுத் துணிச்சல் என்பதா? 1994ஐப் பொறுத்தவரை நான் இரண்டாவதையே சொல்வேன்.

2000ஆம் ஆண்டுக்கு வந்தால் எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அந்த ஓகஸ்டில் புதிய அரசியலமைப்பு வரைவைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். முறை ஒழியும், ஆனால் இடைக்கால ஏற்பாடாகத் தன் பதவிக்காலம் முடியும்வரை தான் அந்த அதிகாரங்களோடு இருக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே வரைவைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. தீக்குச்சியை எடுத்துக் கொடுத்தது அந்தப் பிரிவு. ஒழிப்பேன் என்று சொல்லி ஏறிய நாற்காலியில் மொத்தம் பதினொரு வருடங்கள் இருந்தார்.

இனி, அம்மாவும் அப்பாவும் சண்டை போடும் இடம். 1994 ஒக்டோபர் 13இல் புலிகளோடு பேச அரசின் குழு யாழ்ப்பாணத்துக்கு ஹெலிகொப்டரில் வந்திறங்கியபோது சனம் திரண்டு நின்று பார்த்தது. பதினொரு நாளில் எதிர் வேட்பாளர் காமினி திசாநாயக்க கொழும்பில் குண்டுக்கு இரையானார், பேச்சு நின்றது. 1995 ஜனவரி 8இல் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19இல் புலிகள் திருகோணமலையில் இரண்டு கடற்படைக் கப்பல்களைத் தகர்த்ததோடு அதுவும் போனது. இந்தத் திகதியை நம்மவர்கள் கதை சொல்லும்போது விழுங்கிவிடுவார்கள். உங்கள் அப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது முழுக்க சந்திரிகாவின் கணக்கில்தான் வரும். ‘சமாதானத்துக்கான போர்’ என்று பெயர் வைத்தார். ஜூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலியில் சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிலிருந்து ஆறாம் நாள் ஜூலை 15. நாற்காலியை ஒழிப்பதாக எழுதிக்கொடுத்த நாள் அது. அன்று யாரும் அதை நினைக்கவில்லை. நாங்கள் நினைக்கும் நிலையில் இல்லை.

ஓகஸ்டில், அதே வாயால், அதிகாரத்தைப் பகிர்ந்து நாட்டைப் பிராந்தியங்களின் ஒன்றியமாக்கும் தீர்வுப் பொதியையும் வெளியிட்டார். அதுவரை எந்தச் சிங்களத் தலைவரும் அவ்வளவு தூரம் போனதில்லை. இதை ஒப்புக்கொள்ளாதவரோடு நான் பேசிப் பயனில்லை. ஒக்டோபர் 30இல், இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்க, நாங்கள் மூட்டை முடிச்சுகளோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அந்தப் பொதியைப் பற்றி வழியில் ஒருவரும் பேசவில்லை.

அம்மா சொல்வதில் முக்கால்வாசி உண்மை, 1995 ஏப்ரல் வரை. அப்பா சொல்வது அதற்குப் பிறகு உண்மை. என்றாலும் ‘பொய்க்காரி’ என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல் விஷயத்தைச் சுலபமாக்கிவிடுகிறது. நாங்கள் கைதட்டிய இரண்டு வாக்குகளும் அடுத்தவர் சம்மதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதை எண்ணிப் பார்க்க ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். எங்களில் எவரும் எண்ணவில்லை.

உங்கள் தலைமுறைக்கு ஒரு செய்தி. அந்தக் கையெழுத்தை வாங்கிய ஜே.வி.பி.யின் தலைவர் அநுரகுமார திசாநாயக்க, 2024இல் அதே முறையை ஒழிப்பதாகச் சொல்லி அதே நாற்காலிக்குத் தெரிவானார். அவருடைய அணிக்கு அந்த நவம்பரில் கிடைத்தது 159 ஆசனங்கள். 150 இல்லை என்ற சாக்கு இவர்களுக்கு இல்லை.

அப்பப்பா இடம்பெயர்ந்த இடத்திலேயே, கொடிகாமத்தில், காலமானார். சின்னம்மா கனடாவில் இருக்கிறார். அவரும் காப்பை வைத்திருக்கிறார். தடை தளர்ந்த செப்டெம்பரிலேயே வாங்கியது என்று சாதிக்கிறார். தேர்தலுக்குப் பிறகுதான் கடைக்கு வந்தது என்பது என் ஞாபகம். அம்மா எந்த மாதம் வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.