கார்மென்ட்ஸ் பஸ் வரும்போதே நெஞ்சு படபடக்கிறது, இது இருதய வருத்தமா?

கேள்வி: எனக்கு 27 வயது. யாழ்ப்பாணத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கொலர் தைக்கிறேன். ஒவ்வொரு மணித்தியாலமும் டார்கெட்டைப் போர்டில் எழுதுவார்கள், குறைந்தால் எல்லோருக்கும் முன்னால் ஏச்சு. கொஞ்சக் காலமாக விடிய மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, பஸ் வரும்போது நெஞ்சு படபடக்கிறது, தினமும் தலையிடி, தினமும் பனடோல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. நுண்கடன் இருப்பதால் வேலையை விடவும் முடியாது. இருதய வருத்தமா? நித்திரைக் குளிசை எடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, லீவு நாளில் மறைந்து வேலை நாளில் வரும் படபடப்பு பெரும்பாலும் இருதய வருத்தம் இல்லை. ஆனாலும் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டேன், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நெஞ்சு நோவோடு மூச்சு வாங்கினாலோ மயங்கி விழுந்தாலோ காத்திராமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

அதோடு இரத்தச்சோகையும் தைரொயிட்டும் பார்க்க வேண்டும், இரண்டுமே இதே மாதிரிப் படபடப்பைக் கொடுக்கும். மாதவிடாயில் இரத்தம் கூடப் போகிறதா என்று வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். விடிய வெறும் பிளேன்ரீயோடு பஸ் ஏறி, மத்தியானச் சோற்றோடும் இன்னொரு பிளேன்ரீ குடிப்பவர்கள் பலரைப் பார்க்கிறேன். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தைத் தேயிலை உடம்பில் சேர விடாது, அதனால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள்.

இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த வேலையில் இருக்கும் பெண்களிடம் நான் கட்டாயம் கேட்பேன். மெஷினை விட்டு எழும்பினால் டார்கெட் போய்விடும் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறீர்களா? அதுவே தலையிடியைக் கொண்டுவரும், சலத்தை அடக்கி வைத்தால் சலக்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும்.

பனடோல் விஷயத்தில் கவனம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டே போனால் அந்தக் குளிசையே தலையிடிக்குக் காரணமாகிவிடும், இடி வருகிறது என்று எடுக்க, எடுத்ததால் மறுபடி இடி வரும். நிறுத்தினால் முதல் கொஞ்ச நாள் தலையிடி கூடும், பிறகு இறங்கும், அதனால் வைத்தியரோடு கதைத்து நிறுத்துங்கள். நித்திரைக் குளிசை வேண்டாம். பழகிவிட்டால் விடுவது கஷ்டம், அடுத்த நாள் மயக்கத்தோடு மெஷினில் இருந்தால் ஊசி விரலில் ஏறும்.

சரி, பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால்? அப்போது 'எல்லாம் மனப்பிரமை, தைரியமாக இரு' என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். 1979 இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவாக எழுதினார்: வேலைப் பளு கூடவும் அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையவும்தான் மனிதருக்கு மிக மோசமான அழுத்தம் வருகிறது. எவ்வளவு தைக்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்பதை இன்னொருவர் தீர்மானிக்க, முந்தின மெஷினில் துணிக்கட்டு (பண்டல்) தேங்கி நின்றதற்கும் ஏச்சு உங்களுக்கு என்றால், எவ்வளவு திடமானவருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். இது உங்கள் பலவீனம் இல்லை தங்கச்சி.

அதனால் வேலையை விடாமலே அந்தப் பக்கத்திலும் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். தனியாகப் போய்க் கேட்காமல் லைனில் இருக்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீருக்கும் சலம் கழிக்கவும் நேரம் வேண்டும், குறை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். கொஞ்சக் காலத்துக்கு லைனில் வேறு தையல் வேலைக்கு மாற்றச் சொல்லி வைத்தியரிடம் கடிதம் வாங்கலாம். கெட்ட வார்த்தையால் ஏசினால் திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள், தொழில் திணைக்களத்துக்கு முறையிட நேர்ந்தால் அது உதவும்.

வருகைக் கொடுப்பனவு வெட்டுப்படும் என்று வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. கடனையும் ஏச்சையும் நினைத்து 'இருந்து என்ன' என்று ஒரு தரமாவது தோன்றியிருந்தால் கிளினிக் நாள் வரும் வரை இருக்க வேண்டாம், இரவோ பகலோ மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 க்கு எடுத்துக் கதையுங்கள், வீட்டிலும் ஒருவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள்.