மூன்றாவது பத்தியில் என்ன இருந்தது?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 33. கோலாலம்பூர் செந்தூலில் பிறந்து வளர்ந்தவன், கணக்காய்வு வேலை. என் பெரியப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் கடைக்கு நடந்துபோய்த் தமிழ்ப் பேப்பர் வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்பார். அதில் வருவதையெல்லாம் நம்புவார். இந்த நாட்டுப் பத்திரிகையும் டிவியும் கட்சிக்காரர்கள், பெரிய முதலாளிகள் கையில் இருக்கின்றன என்று எவ்வளவு சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. நான் அதையெல்லாம் விட்டுவிட்டு யூடியூபில் ஒரு சேனல் பார்க்கிறேன். போன மாதம் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி ஓர் அமைச்சர் பேசியதாக இணையத்தில் ஒரு செய்தி. சந்தா கட்டினால்தான் முழுதும் படிக்க முடியும் என்பதால் தலைப்பை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'பேப்பரில் அப்படி வரவில்லையே' என்றார் பெரியப்பா. பேச்சு முற்றி, 'விலைபோன பேப்பரைப் படிக்கிற உங்களுக்கு அரசியல் என்ன தெரியும்' என்று எழுதிவிட்டேன். அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்லை, பெரியப்பாதான் தட்டு மாற்ற வேண்டும். வரமாட்டேன் என்கிறார். மீடியாவைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, பெரியப்பா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இதைச் சொல்லுங்கள். அந்தச் செய்தியின் மூன்றாவது பத்தியில் என்ன இருந்தது?

உங்களுக்குத் தெரியாது. சந்தா கேட்டதும் தலைப்போடு நின்றுவிட்டீர்கள். பத்திரிகை முதலாளிகளைப் பற்றியும் பெரியப்பாவின் பிடிவாதத்தைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டு, இதை மட்டும் போகிற போக்கில் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். இந்தச் சண்டையைச் சொல்லி வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. ஒருவருக்கு மாமனார், ஒருவருக்கு அண்ணன், இன்னொருவருக்குப் பெற்ற அப்பா. எதிரில் இருப்பவருக்கு எப்படிப் புத்தி சொல்வது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சண்டைக்குக் காரணமான செய்தியை முழுதாகப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

கணக்காய்வு வேலை பார்க்கிறீர்கள். ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை அட்டையோடு மூடி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவீர்களா? நாற்பது ஐம்பது சொந்தக்காரர்கள் முன்னால் நீங்கள் செய்தது அதுதான்.

பல பத்திரிகை அலுவலகங்களில் செய்தியை எழுதுபவர் ஒருவர், தலைப்பு வைப்பவர் வேறொருவர். இணையத்தில் வருகிற தலைப்பு உங்கள் விரல் அதில் பட வேண்டும் என்பதற்காகவே வைக்கப்படுகிறது. அமைச்சர் அதை நாடாளுமன்றத்தில் சொன்னாரா, கட்சி விருந்தில் சொன்னாரா? முடிவான திட்டமா, யோசனையா? சொன்னது அவரா, அவர் சொன்னதாக இன்னொருவரா? பள்ளி வாரியம் என்ன பதில் சொன்னது? எல்லாம் தலைப்புக்குக் கீழேதான் இருக்கும். அதைப் படிக்காமல், அப்பாவுடன் பிறந்தவரிடம் 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். 'பேப்பரில் அப்படி வரவில்லையே.' ஒரு செய்தியை இன்னொரு இடத்தில் வந்ததோடு ஒப்பிட்டிருக்கிறார். அந்த வாக்குவாதத்தில் எதையாவது சரிபார்த்தது அவர் ஒருவர்தான். அந்த இடத்தில், 'ஏன் பெரியப்பா இவர்கள் போடவில்லை? பொய் என்பதாலா, போட விருப்பம் இல்லாததாலா?' என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தேடியிருப்பீர்கள். போடாமல் விட்டதைத் தேடுவதுதான் பத்திரிகை படிப்பதில் கஷ்டமான வேலை. அவர் அந்த வாசல் வரை வந்து நின்றார், நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

முதலாளிகளைப் பற்றி நீங்கள் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. 'தி ஸ்டார்' பத்திரிகையின் பெரும் பங்குதாரர் ம.சீ.ச. என்ற மலேசிய சீனர் சங்கக் கட்சி. 'உத்துசான் மலேசியா' பல காலம் நாட்டை ஆண்ட மலாய்க் கட்சியான அம்னோவின் கையில் இருந்தது. 2018 தேர்தலில் அம்னோ ஆட்சியை இழந்தது, 2019 அக்டோபரில் உத்துசானின் அச்சு நின்றது, பிறகு வேறு முதலாளியின் கீழ் திரும்பி வந்தது. நம் 'தமிழ் நேசன்' 1924-இல் தொடங்கியது. கடைசிக் காலத்தில் மலேசிய இந்திய காங்கிரஸான ம.இ.கா.வின் முன்னாள் தலைவர் குடும்பத்திடம் இருந்தது, 2019 தொடக்கத்தில் மூடப்பட்டது. முதலாளிக்கும் மேலே அரசாங்கம். 1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சின் உரிமம் இருந்தால்தான் பேப்பர் அச்சாகும். 1987-இல் ஓப்பராசி லாலாங் என்ற பெரிய கைது நடவடிக்கை நடந்தபோது 'தி ஸ்டார்', 'சின் சியூ', 'வத்தான்' மூன்றின் உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள். ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2012-இல்தான் போனது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு 'எல்லாரும் விலைபோனவர்கள்' என்று சொல்வது சோம்பேறித்தனம். அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பண மோசடி விவகாரத்தைத் தோண்டியவர்களில் முக்கியமானது 'தி எட்ஜ்'. பணக்காரத் தொழிலதிபர் ஒருவருக்குச் சொந்தமான வணிகப் பத்திரிகை அது. 2015 ஜூலையில் அதற்கு மூன்று மாதத் தடை போட்டார்கள், செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குக்குக் கிட்டத்தட்ட 70 கோடி டாலர் போனதாக அதே ஜூலையில் எழுதியது 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்'. அது யாருடையது? உலகத்தில் முதலாளிப் பத்திரிகை என்றாலே நினைவுக்கு வருகிற ரூப்பர்ட் மர்டோக் குடும்பத்தின் குழுமத்துடையது. முதலாளி யார் என்று தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும் என்று தெரியும். செய்தி உண்மையா பொய்யா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதற்குப் படித்தாக வேண்டும்.

உங்கள் யூடியூப் சேனலிடம் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? அதை நடத்துபவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, தேர்தல் நேரத்தில் யாருடைய மேடையில் நிற்கிறார்? யூடியூப் கூகுளுடையது, வாட்ஸ்அப் மெட்டாவுடையது. ம.சீ.ச.வை விடவும் பெரிய முதலாளிகள் அவர்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். யார் பணம் கொடுக்கிறாரோ அவர் சொல்கிறபடி பத்திரிகை எழுதும் என்பது உங்கள் வாதம். அப்படியென்றால் நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? ஒரு மலேசிய வெள்ளிகூட இல்லை. தினமும் காலையில் நடந்துபோய்ச் சில்லறை கொடுத்துப் பேப்பர் வாங்குகிறவர் உங்கள் பெரியப்பா. மலேசியாகினி என்ற இணையப் பத்திரிகை 1999-இல் தொடங்கியது, வாசகர் சந்தாவில் நிற்கிறது. ஒரு செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. யோசிக்காமல் எழுதியது யாரோ, பணம் கட்ட வேண்டியிருந்தது பத்திரிகை. அந்தத் தொகையைச் சில மணி நேரத்தில் கொடுத்து முடித்தவர்களும் வாசகர்கள்தான். கட்சிப் பணம் வேண்டாம் என்று சொல்கிற வாசகன் தன் பணத்தை எடுத்து வைக்க வேண்டும். கணக்காய்வாளர் சம்பளத்தில் ஒரு சந்தா பெரிய பாரம் இல்லை. இந்த வாரமே கட்டுங்கள்.

கட்டிய பிறகு பெரியப்பாவோடு உட்கார்ந்து படியுங்கள். அவருக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். தீபாவளி சமயத்தில் பேப்பரில் யார் யாருடைய முகம் முழுப் பக்க வாழ்த்தில் வருகிறது என்று பாருங்கள். அடுத்த சில வாரம் அதே ஆட்கள் செய்திப் பக்கத்தில் எப்படி வருகிறார்கள் என்று இருவருமாகக் கவனியுங்கள். செய்தியின் தொடக்கத்தில் 'பெர்னாமா' என்று இருக்கிறதா பாருங்கள். அது நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த தேசியச் செய்தி நிறுவனம். ஐந்து பேப்பரில் ஒரே மாதிரி வருகிற செய்தி பல நேரம் அங்கிருந்து வந்த ஒரே செய்திதான், ஐந்து சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். அமைச்சர் மக்களவையில் பேசியது என்றால் தேடவே வேண்டாம். ஹன்சார்ட் என்ற அவைக்குறிப்பு மலாயில் நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அன்று என்ன பேசினார் என்று நீங்கள் எடுத்துக்கொடுங்கள். அரசு வேலையில் காலம் தள்ளியவர், அந்த மலாய் அவருக்கு உங்களை விட நன்றாகவே புரியும்.

இப்போது நிச்சயதார்த்தம். பெரியவர்களோடு அரசியலில் மாறுபடலாம். மாறுபடத்தான் வேண்டும், அவர்கள் ஓட்டுப் போட்ட கட்சிக்கே நாமும் போட வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் இல்லை. ஆனால் சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், தம்பி போன பிறகு தம்பி பிள்ளைகளுக்கு அப்பா இடத்தில் நிற்கிறவரை அவமானப்படுத்தக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன். உங்கள் பக்கம் நூறு சதவீதம் சரியாக இருந்திருந்தாலும் கூடாது. இங்கே அதுவும் இல்லை.

அதனால் மன்னிப்பு முதலில் குழுவில். திட்டியதைப் பார்த்த அத்தனை பேரும் இதையும் பார்க்கட்டும். 'செய்தியை முழுதாகப் படிக்காமல் போட்டேன், பெரியப்பா கேட்டது சரியான கேள்வி, நான் பேசியது தப்பு.' இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், 'ஆனாலும்' என்று தொடங்கி எதையும் சேர்க்காதீர்கள். மறுநாள் காலையில் அவர் கடைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு நேரில் போங்கள். கூட நடந்துபோய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு வாருங்கள், அந்தச் செய்தியை இருவருமாக முழுதும் படியுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நிச்சயதார்த்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள், தட்டு மாற்ற ஆள் தேவைப்பட்டதால் வந்தான் என்று நினைத்துவிடுவார். இரண்டு நாள் கழித்து அம்மாவும் தங்கையும் போய் அதற்கு அழைக்கட்டும்.