கேள்வி மேடை: சப்பை டீமை ஜெயித்தால் கொண்டாடலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். போன நாளிலிருந்து காலேஜ் ஃபுட்பால் பைத்தியம். சீசன் ஆரம்பத்தில் அவர்கள் அணி ஏதோ பெயர் தெரியாத காலேஜை 50 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் அடித்துவிட்டது என்று முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வீடியோ காலில் ஒரே கூச்சல். என் வீட்டுக்காரர், "காசு கொடுத்துக் கூட்டிவந்து அடிக்கிறீங்க, இதுல என்னடா கொண்டாட்டம்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. யார் பக்கம் நியாயம்?

பதில்: கொண்டாடட்டும் விடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன தகவல் சரிதான், அதை வைத்துப் பையன் வாயை அடைத்ததுதான் சரியில்லை.

தெரியாத வாசகர்களுக்காக: இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். காலேஜ் அணிகளுக்கு வழக்கமான சீசனில் மொத்தமே 12 ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், அதிலும் பாதியோ கொஞ்சம் கூடவோதான் சொந்த மைதானத்தில். வருஷத்தின் பெரும்பகுதியைக் காத்திருந்தே ஓட்டியவனிடம் போய், இந்த வெற்றி செல்லாது, பெரிய அணியை அடிக்கும்போது கத்திக்கொள் என்றால் எப்படி? சில அணிகளின் ரசிகர்கள் அந்தக் கணக்கில் பார்த்தால் படித்து முடித்து வெளியே வரும்வரை கைதட்டவே முடியாது.

அப்புறம், எதிரில் நின்றது யார் என்று மட்டும் பார்ப்பது போதாது, ஜெயித்தவன் எந்த நிலைமையிலிருந்து வந்தான் என்பதும் கணக்கில் சேர்த்தி. கான்சாஸ் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 சீசனில் ஆடிய 9 ஆட்டத்திலும் தோல்வி. 2021 செப்டம்பரில் புதுப் பயிற்சியாளர் லான்ஸ் லைபோல்டின் முதல் ஆட்டம், எதிரணி சவுத் டகோட்டா, அதாவது ஒரு படி கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த அணி. அதைக்கூட 17-14 என்றுதான், கடைசி நேரத்தில் இழுத்துப் பிடித்து ஜெயித்தார்கள். முடிந்ததும் மாணவர்கள் மொத்தமாக மைதானத்துக்குள் ஓடிவிட்டார்கள். நாடு முழுக்கக் கிண்டல், "சவுத் டகோட்டாவை ஜெயித்ததற்கா இந்த ஆட்டம்" என்று. அந்தப் பிள்ளைகளில் பலர் காலேஜில் சேர்ந்ததிலிருந்து சொந்த அணி ஜெயித்து நேரில் பார்த்ததே கிடையாது என்பது கிண்டலடித்தவர்களுக்கு உறைக்கவில்லை. அதே அணி அந்த நவம்பரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை அதன் ஊரான ஆஸ்டினுக்கே போய் 57-56 என்று தோற்கடித்தது, அடுத்த வருஷம் முதல் 5 ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தது. ஆனால் அப்படி நடந்திருக்காவிட்டாலும் செப்டம்பர் மாதத்துக் குதூகலத்தில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் என் கட்சி.

இன்னும் பழைய கதை ஒன்று. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தொடர்ந்து 34 ஆட்டம் தோற்றது. 1982-ல் நார்தர்ன் இல்லினாயை 31-6 என்று ஜெயித்து அந்தத் தொடரை முடித்தபோது மாணவர்கள் கோல்போஸ்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மிச்சிகன் ஏரியில் போட்டார்கள். நார்தர்ன் இல்லினாய் அப்போது யாரும் பயப்படும் அணி இல்லை. அதனால் என்ன, 34 தோல்வியைத் தின்றவனுக்கு எதிரணியின் தகுதிச் சான்றிதழா முக்கியம்?

உங்கள் பையனின் அணி பெரிய அணி என்கிறீர்கள், அதனால் அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனை. சந்தோஷப்படலாம், அதை ஆதாரமாக நீட்டக் கூடாது. "நாங்கள் 50 புள்ளியில் அடித்தோம், ஆகவே இந்த வருஷம் கோப்பை எங்களுக்கே" என்று ஆரம்பித்தால் அவன் அப்பா பக்கம் நான் சேர்ந்துகொள்வேன். சப்பை டீமை அடித்ததை வைத்து அணி நல்ல அணி என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. இந்தியானா பல்கலைக்கழகம் 2024-ல் வெஸ்டர்ன் இல்லினாயை 77-3 என்று நொறுக்கியது. முந்தைய வருஷம் 3 வெற்றி 9 தோல்வி என்று கிடந்த அணி, எனவே ரசிகர்கள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். லேசான எதிரிகளை வைத்து எண்ணிக்கை ஏற்றுகிறார்கள் என்று வெளியே முணுமுணுப்பு. அந்த சீசன் பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் நாத்ரே டேமிடம் 27-17 என்று தோற்றதும் முணுமுணுத்தவர்களுக்குக் கொண்டாட்டம். அடுத்த சீசனில் இதே இந்தியானா பிளேஆஃப் உட்பட 16 ஆட்டத்தையும் ஜெயித்து தேசிய சாம்பியன். ஆக 77-3-ஐ வைத்து இரண்டு பக்கமும் யாராலும் ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை.

கேள்வி: காசு கொடுத்துக் கூட்டிவருவது என்பது நிஜமா? அப்படி என்றால் அது சூது மாதிரி ஆகாதா?

பதில்: நிஜம்தான், ஆனால் சூது இல்லை, ஒப்பந்தம் போட்டு வெளிப்படையாக நடக்கும் வியாபாரம். பெரிய அணிக்குச் சொந்த மைதானத்தில் இன்னொரு சனிக்கிழமை வேண்டும், டிக்கெட் வசூல் வேண்டும். சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்கு நடக்கும் 'பௌல்' என்ற கூடுதல் ஆட்டத்துக்குப் போக 6 வெற்றி வேண்டும் என்பதால் நிச்சயமான ஒன்றிரண்டு வெற்றியும் வேண்டும் (கீழ்ப் பிரிவு அணிகளை எத்தனை தடவை ஜெயித்தாலும் ஒன்றைத்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்). சின்ன அணிக்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்தில்தான் அவர்களுடைய விளையாட்டுத் துறை வண்டி ஓடுகிறது. இப்படி வரும் எதிரணியை, லேசாக விழுங்கிவிடலாம் என்ற அர்த்தத்தில், அங்கே 'கப்கேக்' என்றே சொல்வார்கள்.

ஆனால் வந்தவன் தோற்பான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது. 2007 செப்டம்பர் 1 அன்று தரவரிசையில் 5-ஆம் இடத்தில் இருந்த மிச்சிகன், 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டைத் தன் மைதானத்துக்கு அழைத்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டம். கடைசி சில விநாடி இருக்கும்போது 34-32 என்று பின்தங்கிய மிச்சிகன் ஒரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கோல்போஸ்ட்டுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி) அடித்தால் போதும் என்ற நிலை. உதைத்த பந்தைக் கோரி லிஞ்ச் என்ற வீரர் பாய்ந்து தடுத்து, அதை எடுத்துக்கொண்டு ஓடினாரே ஓட்டம், மைதானமே வாயடைத்துப் போயிற்று. தரவரிசையில் இருந்த மேல்பிரிவு அணியைக் கீழ்ப்பிரிவு அணி ஒன்று ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 2024-ல் நாத்ரே டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து நார்தர்ன் இல்லினாயை அழைத்தது (ஆமாம், மேலே சொன்ன அதே நார்தர்ன் இல்லினாய்). 16-14 என்று வந்தவர்கள் ஜெயித்து, காசையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் பயிற்சியாளர் தாமஸ் ஹாமக் கேமரா முன்னாலேயே அழுதுவிட்டார். இதையெல்லாம் பார்த்த ரசிகன் சின்ன அணியை ஜெயித்ததும் துள்ளுகிறான் என்றால் அதில் பாதி சந்தோஷம், பாதி "அப்பாடா".

கேள்வி: மைதானத்துக்குள் ஓடுவது, கோல்போஸ்டைச் சாய்ப்பது எல்லாம் எந்த வெற்றிக்குச் செய்யலாம்?

பதில்: பல கான்ஃபரன்ஸ்களின் (அணிகள் சேர்ந்திருக்கும் கூட்டமைப்புகள்) விதிப்படி எதற்கும் கூடாது. 2024 அக்டோபரில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம், தரவரிசையில் நம்பர் 1 ஆக இருந்த அலபாமாவை 40-35 என்று ஜெயித்தபோது மாணவர்கள் கோல்போஸ்டை நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தூக்கிப்போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள், கான்ஃபரன்ஸ் 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. எதிரணி வீரர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் தடை நியாயமானதுதான். அதற்கு மேல் என் சொந்த அபிப்பிராயம்: கான்சாஸ் ஓடினால் புரிகிறது, எப்போதும் ஜெயிக்கும் அணி கப்கேக்கை அடித்துவிட்டு உள்ளே ஓடினால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கேள்வி: ஜெயிப்பது உறுதியான பிறகும் புள்ளிகளை ஏற்றிக்கொண்டே போவது அநாகரிகம் இல்லையா? அதற்கும் கைதட்டுகிறார்களே.

பதில்: இதில் உச்சம் 1916. ஜார்ஜியா டெக் 222, கம்பர்லேண்ட் காலேஜ் 0. எழுத்துப் பிழை இல்லை, 222 தான். கம்பர்லேண்ட் அந்த வருஷம் ஃபுட்பாலையே கைவிட்டிருந்தது, வராவிட்டால் 3,000 டாலர் கட்ட வேண்டும் என்பதால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி ஆட்டத்திலேயே 126-0. ஜெயித்த பக்கத்துப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன், இன்றைக்குக் காலேஜ் ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கு ஹைஸ்மன் விருது என்று கொடுக்கிறார்களே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அவரேதான். அதைக் கொண்டாட எனக்கு மனசு வராது.

இப்போதெல்லாம் நல்ல பயிற்சியாளர்கள் முன்னிலை பெரிதானதும் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிட்டு மூன்றாம் வரிசைப் பையன்களை இறக்குவார்கள். அவர்களில் சிலர் ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் வருஷக்கணக்கில் பயிற்சிக்கு மட்டும் வந்து அடி வாங்கியவர்கள். அப்படி ஒருவன் நான்காவது, அதாவது கடைசி, குவார்ட்டரில் பந்தைப் பிடித்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நட்சத்திர வீரர்கள் துள்ளிக் குதிப்பதைப் பாருங்கள், அவனை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். துரதிர்ஷ்டம், அந்த நேரத்தில் மாணவர் பகுதி காலியாக இருக்கும். அலபாமாவில் அப்போது பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் இதைப் பற்றி வெளிப்படையாகவே குறைபட்டிருக்கிறார். 2019-ல் அங்கே மாணவர்களுக்கு ஒரு ஆப் கொண்டுவந்தார்கள், ஆட்டத்துக்கு வந்தால் 100 பாயின்ட், நான்காவது குவார்ட்டர் வரை இருந்தால் இன்னும் 250, அதை வைத்துப் பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. அதனால் முதல் கேள்வி கேட்ட அம்மா, பையனிடம் "ஏன் கத்தினாய்" என்று கேட்க வேண்டாம், "மைதானத்தை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினாய்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.